விறகடுப்பு போய்விட்டது, குழாய் மட்டும் நிற்கிறதா?

ஒன்டாரியோவில் பழைய வீடு வாங்கி, ஹாலில் இருந்த விறகடுப்பைக் கழற்றி விற்றுவிட்டு, கூரைவரை போகும் இரும்புக் குழாயை என்ன செய்வது என்று முழிப்பவர்களுக்கு இது. (செங்கல் புகைபோக்கி வேறு கதை.) முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அடுப்பு போன கையோடு சீலிங் ஓட்டையைப் பிளைவுட்டால் மூடி, வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டேன். ஜனவரியில் நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம், பிளைவுட் ஓரத்திலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கூரை ஒழுகவில்லை. வீட்டின் ஈரக் காற்று இடுக்கு வழியாகக் குழாய்க்குள் ஏறி, மேலே குளிரில் உறைந்து, வெயில் பட்டதும் உருகி இறங்கியிருக்கிறது. தினமும் சோறும் ரசமும் கொதிக்கிற வீட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த நிறம், உள்ளே படிந்திருந்த கிரியோசோட், அதாவது விறகுப் புகை விட்டுப்போகும், தீப்பிடிக்கக்கூடிய தார் போன்ற கறை. கார்ப்பெட்டில் அந்த வாடை இன்னும் இருக்கிறது.

ஆகவே முழுசாக எடுத்துவிடுங்கள். பின்னால் அடுப்பு வைக்கும் எண்ணம் இருந்தால், புகைபோக்கி சுத்தம் செய்பவரைக் கூப்பிட்டுத் துடைத்து, மேல் தொப்பியை அப்படியே விட்டு, கீழ்வாயை உலோக மூடியால் காற்றுப் புகாமல் அடையுங்கள்.

எடுப்பதாக இருந்தால் ஷிங்கிள் (கூரைமேல் வேயும் தகடுகள்) மாற்றும் வருஷத்திலேயே எடுப்பது லாபம். கூரைக்காரரே அந்த ஓட்டையையும் மூடிவிடுவார். கவனம் வேண்டியது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் அட்டிக்கில்தான். நெருப்புக்குப் பயந்து குழாயைச் சுற்றி வழக்கமாக 2 அங்குலம் காலியாக விட்டிருப்பார்கள். குழாய் போனபின் அந்த இடத்தையும் சேர்த்து, கீழே பாலித்தீன் தாள், மேலே இன்சுலேஷன் என்று அடைக்க வேண்டும். அங்கே சாம்பலும் பழுப்புமாகப் பளபளக்கும் சிறு கற்கள் போல ஏதாவது கொட்டிக் கிடந்தால் கை வைக்காதீர்கள். அது வெர்மிகுலைட் என்ற பழைய இன்சுலேஷனாக இருக்கலாம், 1990க்கு முந்தைய வீடுகளில் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கழற்றிய இரட்டைச் சுவர்க் குழாய்களை விற்கலாம். யூஎல்சி எஸ்629 (இந்தக் குழாய்களுக்கான கனடாவின் பாதுகாப்புத் தரம்) லேபிளைக் கிழிக்காதீர்கள், வாங்குபவர் அதைத்தான் தேடுவார். ஒரு கம்பெனிக் குழாய் இன்னொன்றோடு பூட்டாது. பிராண்ட் பெயரை விளம்பரத்திலேயே போடுங்கள். உள்சுவர் நெளிந்தோ வெடித்தோ இருந்தால் புகைபோக்கிக்குள் எப்போதோ தீப்பிடித்திருக்கலாம். அதை விற்காதீர்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், ஊரில் நாம் சமையலறை ஹூடைத்தானே ‘சிம்னி’ என்போம்? அந்த ஞாபகத்தில் நண்பர் ஒருவர் ஹூடையே இந்தக் குழாயில் சேர்க்கப் பார்த்தார். கிரியோசோட்டின் மேல் தாளிக்கிற எண்ணெயும் படிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஹூடுக்குத் தனிக் குழாய்தான்.

வேலை முடிந்ததும் போட்டோவும் ரசீதும் வைத்து இன்ஷூரன்ஸுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். விறகடுப்பு இருக்கிற வீட்டுக்கு ‘வெட்’ (WETT, விறகடுப்பு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கும்) இன்ஸ்பெக்‌ஷன் கேட்பது இன்ஷூரன்ஸ்காரர்கள் வழக்கம். அடுப்பு போன சேதியை நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.