தத்தெடுத்த மகளுக்கு அடிக்கடி வாந்தி, மயக்கம் போல தூக்கம். எல்லா டெஸ்டும் நார்மல். அடுத்து எங்கே காட்டுவது?

அம்பை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு ஆறு வயது நடக்கிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது காரா (மத்தியத் தத்தெடுப்பு ஆணையம்) வழியாக, சட்டப்படி தத்தெடுத்தோம். அவளுக்கும் தெரியும், சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும், அதில் ஒளிவு மறைவு இல்லை.

நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பாள். திடீரென்று ஒரு நாள் சோர்ந்து படுத்துவிடுவாள், வாந்தி, அப்புறம் ஒரே தூக்கம், எழுப்பினால் எரிச்சல், சில நேரம் பேச்சு குளறும், என்னையே யாரோ மாதிரி பார்ப்பாள். காய்ச்சல் வந்தால் இதுவும் கூடவே வரும், காய்ச்சல் இல்லாமலும் வரும். ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினால் மறுநாளே எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்பாள். ரத்தம், யூரின், வயிற்று ஸ்கேன், டிபிக்கு ஊசி, பூச்சி மருந்து, மூளைக்கு இஇஜி எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் அல்சர் என்றார், இன்னொருவர் ஒற்றைத் தலைவலி என்றார், கடைசியாகப் பார்த்தவர் வலிப்பாக இருக்கலாம் என்று வால்ப்ரோயேட் சிரப் எழுதியிருக்கிறார். அதைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு தூக்கம் கூடியிருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

இதில் எனக்கு ஆத்திரம் எதில் என்றால், ஓபியில் முதல் கேள்வியே "சொந்தத்தில் கல்யாணமா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா" என்பதுதான். தத்துப் பிள்ளை என்று சொன்னால் சிலர் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? வேறு சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஹோமில் இருந்த பிள்ளை, மனசுல ஏக்கம் இருக்கும், நீங்க கவனிக்கணும்னு இப்படிச் செய்யும்" என்கிறார்கள். ஏக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாக்கு குளறுமா?

யாராவது வழி சொல்லுங்கள்.

வள்ளியூரான்:
அக்கா, தப்பா நினைக்காதீங்க, பிள்ளைக்கு உங்க சாஸ்தா கோயில்ல முடி எடுத்தீங்களா? எங்க ஆச்சி இதைத்தான் முதல்ல கேட்கும்.

அம்பை அம்மா:
முடி எடுத்தாயிற்று, காதும் குத்தியாயிற்று, பங்குனி உத்திரத்துக்கு வருஷம் தவறாமல் போகிறோம் தம்பி. என் மாமியார் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

தென்காசிக்காரி:
மைனி, ஒரு கேள்வி. பிள்ளை என்ன சாப்பிடுவாள், எதை ஒதுக்குவாள்? படுக்கிறதுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். என் மகனுக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு (சாப்பிட்டதை உடம்பு சரியாகப் பயன்படுத்த முடியாத நோய்) இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

அம்பை அம்மா:
நீங்கள் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். முட்டை, பருப்பு, மீன், கறி எதுவும் தொடமாட்டாள். ரசஞ்சோறு, தோசைக்குச் சீனி, பழம், கருப்பட்டி, இவ்வளவுதான். சத்துணவு முட்டையைத் தினமும் பக்கத்தில் இருக்கிற பையன் தட்டில் வைத்துவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்கள் அவளுடைய தாராள மனசு என்று சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உளுந்தஞ்சோறும் நாட்டுக்கோழியும் இருக்கும், மாமியார் மடியில் வைத்து வம்பாக ஊட்டுவார்கள். யோசித்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டதுதான் அதிகம். பிள்ளை திங்கட்கிழமைக்குப் பயந்து நடிக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

தென்காசிக்காரி:
மைனி, இதை அப்படியே ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். புரதம் உடம்பில் சிதையும்போது அம்மோனியா உண்டாகும், அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி சிறுநீரில் வெளியே அனுப்பும், இதற்கு யூரியா சுழற்சி என்று பெயர். அந்த வேலை செய்கிற என்சைம்களில் ஒன்று குறைவாக இருந்தால் அம்மோனியா ரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்கும். வாந்தி, தூக்கம், குளறல், ஆளைத் தெரியாதது எல்லாம் அதில் வரும். காய்ச்சலிலும் பட்டினியிலும் உடம்பு தன் தசையையே கரைக்கும், அதுவும் புரதம்தானே. குளுக்கோஸ் ஏற்றினால் அந்தக் கரைப்பு நிற்கும், பிள்ளை எழுந்து உட்காரும். எல்லாரும் ட்ரிப் போட்டு சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஏன் சரியானது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வகையில் ஓடிசி என்கிற என்சைம் குறைபாடு ஒன்று உண்டு, பெண் பிள்ளைகளுக்கு இப்படி விட்டு விட்டு வரும், இந்தப் பிள்ளைகள் தாங்களாகவே முட்டை, கறியை ஒதுக்கும்.

இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கொழுப்பை எரிக்கிற என்சைம் குறைந்தாலும், சுழற்சி வாந்தி என்கிற நோயிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். ஆனால் வால்ப்ரோயேட் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். யூரியா சுழற்சிக் கோளாறு இருக்கிறவர்களுக்கு அந்த மருந்து அம்மோனியாவை ஏற்றிவிடும். நீங்களாக நிறுத்தவும் கூடாது, வலிப்பு உண்மையிலேயே இருந்தால் அது வேறு ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டருக்கு நாளைக்கே போன் போட்டு "அம்மோனியா பார்த்தீர்களா" என்று கேளுங்கள். அதுவரை வம்பாக ஊட்டுவது வேண்டாம், அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்திவிடவும் வேண்டாம், வளருகிற பிள்ளை.

லேப் தம்பி:
நான் பாளையங்கோட்டையில் லேபில் இருக்கிறேன், என் பங்குக்கு ஒன்று. அம்மோனியா டெஸ்ட் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். ரத்தம் எடுத்தவுடன் டியூபை ஐஸில் வைத்து உடனே மெஷினுக்குப் போக வேண்டும். பைக் டப்பாவில் வெயிலில் ஊரைச் சுற்றி வரும் சாம்பிளில் அம்மோனியா தானாகவே ஏறியிருக்கும், அந்த ரிசல்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டினாலும், பிள்ளை திமிறி அழுதாலும் கூடத்தான் காட்டும். அதனால் லேப் உள்ளேயே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் எடுங்கள். முக்கியமாக, பிள்ளை நன்றாக இருக்கும்போது எடுத்தால் நார்மல் வரலாம். படுத்தவுடன், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால், சுகர், அம்மோனியா, லாக்டேட், பிளட் கேஸ், யூரின் கீட்டோன் எடுக்கச் சொல்லுங்கள். அதற்காக ட்ரிப்பைத் தாமதிக்க வேண்டாம், ஊசி குத்தும்போதே எடுத்துவிடலாம். டிஎம்எஸ் என்கிற ரத்த டெஸ்ட், யூரின் ஆர்கானிக் ஆசிட் இரண்டும் இந்த மாதிரிக் கோளாறைத் தேட வெளியூருக்கு அனுப்புகிற டெஸ்ட், அது அப்புறம். குளறுகிற நேரத்தில் போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், நடிப்பா இல்லையா என்ற பேச்சே வராது.

பாளை அப்பா:
நானும் தத்தெடுத்த அப்பாதான். குடும்ப வரலாறு தெரியவில்லை என்றால் டாக்டர் இன்னும் அகலமாகத் தேட வேண்டும், நம் ஊரில் தேடலை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 'தெரியாது' என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லி நின்று வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் மாமியார் சர்க்கரையையும் உங்கள் தலைவலியையும் பிள்ளை கணக்கில் எழுதிவிடுவார்கள்!

ஆனால் முழுதும் தெரியாது என்றும் இல்லை. பிள்ளை இருந்த தத்தெடுப்பு மையத்துக்கு எழுதுங்கள், ஒரு பிரதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. பெற்றவர் பெயர் வேண்டாம், அது ரகசியம், தரமாட்டார்கள், தரவும் கூடாது. மருத்துவ விவரம் மட்டும் கேளுங்கள்: பிறந்த எடை, இன்குபேட்டரில் இருந்தாளா, அங்கே பால் குடித்து வாந்தி எடுத்தாளா, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெற்றவர்களே ஒப்படைத்த பிள்ளை என்றால் மனசு மாற 60 நாள் அவகாசம் உண்டு, அந்த நேரத்தில் பேசியதில் ஏதாவது ஃபைலில் இருக்கும். கண்டெடுத்த பிள்ளை என்றால் கிடைப்பது கம்மி. நமக்குத் தந்த மருத்துவ அறிக்கையில் எச்ஐவி, மஞ்சள் காமாலை மாதிரிதான் பார்த்திருப்பார்கள், இந்த மாதிரி என்சைம் கோளாறு அதில் தெரியாது.

மரபணு டெஸ்டுக்குப் போனால் இன்னொன்று வரும். எக்சோம் (மரபணுக்களை மொத்தமாகப் படிக்கிற டெஸ்ட்) பார்க்கும்போது அப்பா அம்மா ரத்தமும் சேர்த்துக் கேட்பார்கள். நம் ரத்தம் அதற்கு உதவாது. பிள்ளை சாம்பிள் மட்டும் வைத்தே பார்க்கலாம், ஆனால் 'அர்த்தம் நிச்சயமில்லை' என்று சில மாற்றங்கள் கூடுதலாக வரும். அதனால் ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்த மரபணு டாக்டர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில் சிறப்பு மையமாகச் சேர்த்ததில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் உண்டு, திருவனந்தபுரம் எஸ்ஏடி ஆஸ்பத்திரியும் உண்டு. நமக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டே. வேலூர் சிஎம்சியிலும் மரபணுப் பிரிவு இருக்கிறது. முதலில் பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காட்டி லெட்டர் வாங்குங்கள்.

அம்பை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. சிரப் எழுதிய டாக்டருக்கு போன் செய்தேன். அம்மோனியா பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டார், நாளைக் காலையில் பிள்ளையை வெறும் வயிற்றில் போடாமல் எதையாவது சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள், மருந்தை மாற்றுவோம் என்றார். ஹோமுக்கு லெட்டர் எழுதிவிட்டேன். மாமியார்தான் "உளுந்து சாப்பிட்டு எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு" என்று முறுக்கிக்கொண்டு இருக்கிறார்கள், தென்காசி மைனி எழுதியதை வாசித்துக் காட்டப் போகிறேன். திருவனந்தபுரத்துக்கு லெட்டர் இல்லாமல் போனால் பார்ப்பார்களா?

தென்காசிக்காரி:
லெட்டரோடேயே போங்கள் மைனி, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். அதற்குள் மறுபடியும் படுத்தால் லெட்டருக்காகக் காத்திருக்காமல் நேரே ஹைகிரவுண்டு அவசரப் பிரிவுக்குப் போய், லேப் தம்பி எழுதியதைக் காட்டுங்கள்.