வேளாண் காட்டுத் திட்டத்தின் பயனை மதிப்பிட ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலிருந்து எழுதுகிறேன். மாத்தளையில் கிளிரிசீடியா மரங்களில் மிளகுக் கொடியைப் படரவிடும் வேளாண் காட்டுத் திட்டமொன்று, விவசாயிகளின் வருமானத்தையும் மண்ணின் வளத்தையும் உண்மையில் மாற்றியதா என்று மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. திட்டத்துக்கு முந்திய தரவுகள் எவையும் இல்லை. சேராதவர்களோடு ஒப்பிடலாமென்றால், சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பே காணியும் வசதியும் கூடியவர்கள் என்பதால், மரத்தால் வந்த பயனைத் தனியே பிரித்தறிவது கடினமாகிறது; மிளகு விலையின் ஏற்ற இறக்கமோ (அது தனித் தலைவலி) கணக்கை மேலும் குழப்புகிறது. மண்ணின் கரிமச்சத்து மெதுவாகவே மாறுவதால், ஓரிரு ஆண்டு அளவீட்டை மட்டும் நான் நம்பத் தயாரில்லை. கிளை வெட்டித் தழையிடும் வேலையில், குறிப்பாகப் பெண்கள் தரும் கூலியில்லா உழைப்பை எப்படிக் கணக்கிடுவது? அனுபவமுள்ளவர்கள் தாங்கள் பயன்படுத்திய வினாக்கொத்தையோ ஒப்பீட்டு முறையையோ தயவுசெய்து பகிருங்கள்.