அடுக்கந்தாதி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஒரே படக்கோப்பை இருவர் மாறி மாறி அனுப்பி, ஒவ்வொரு முறையும் மேலே ஓர் அடுக்கு (லேயர்: கீழுள்ள படத்தை அழிக்காமல் அதன்மேல் வைக்கும் கண்ணாடித் தாள் போன்றது) வரைந்து சேர்க்கும் ஆட்டத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். ஆட்டத்தின் நடைமுறையைப் பார்த்த பிறகு பெயரைத் தேடினால்தான் ஆங்கிலப் பெயரின் நிழலிலிருந்து விடுபட முடியும் என்று கருதுகிறேன்.

2000களின் தொடக்கத்தில் சிகாகோவின் கூடால் பார்ட்னர்ஸ் நிறுவனம் இதை 'ஃபோட்டோஷாப் டென்னிஸ்' என்று இணையத்தில் நடத்தியது; 2007இல் அது 'லேயர் டென்னிஸ்' ஆயிற்று. ஒவ்வொரு முறைக்கும் 15 நிமிடம், இருவருக்கும் சேர்த்து மொத்தம் 10 முறை. நடப்பதை மூன்றாமவர் ஒருவர் உடனுக்குடன் வர்ணனையாக எழுதிவந்தார். 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள் தாளை மடித்து மடித்து வரைந்த ஆட்டத்தை இதன் மூதாதை எனலாம். ஆனால் அங்கே முன்னவர் வரைந்தது மறைக்கப்படும். இங்கே அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் தொடங்குகிறார். பெயருக்கான திறவுகோல் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

'கோப்புப் பரிமாற்ற ஆட்டம்' என்றால் வலையமைப்புப் பாடம் போல ஒலிக்கிறது. 'கைமாற்று ஓவியம்' கேட்க இனியது. ஆயினும் கைமாற்று என்றதும் மாதக் கடைசியில் வாங்கும் வட்டியில்லாக் கடன்தான் நம் மக்கள் மனத்தில் வரும். 'பாட்டுக்குப் பாட்டு' என்பதன் வழியில் ஒருவர் சொன்ன 'படத்துக்குப் படம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. படம் என்றால் திரைப்படம் என்றே முதலில் புரிந்துகொள்ளும் வழக்கம் மட்டும் இல்லையென்றால் அதையே ஏற்றிருப்பேன்.

என் முன்மொழிவு 'அடுக்கந்தாதி'. ஒன்றன் முடிவே அடுத்ததன் தொடக்கமாக வருவது அந்தாதி. எது முடிந்து எது தொடங்குகிறதோ அதையொட்டி எழுத்தந்தாதி, அசையந்தாதி, சீரந்தாதி, அடியந்தாதி என்று யாப்பிலக்கணம் பெயரிடுகிறது. இங்கே அந்த அலகு அடுக்கு. எழுத்து அந்தாதியோடு புணர்ந்து எழுத்தந்தாதி ஆவதுபோல, அடுக்கு அடுக்கந்தாதி ஆகிறது.

நானும் நண்பர் ஒருவரும் ஜிம்ப் என்ற பட மென்பொருளில் இதை ஆடிப் பார்த்தோம். அவர் அனுப்பிய பேருந்து நிறுத்தப் படத்தின் கூரையில் நான் ஒரு கொக்கை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அதன் ஒற்றைக் கால் குடைக்காம்பாகவும் சிறகு, விரித்த குடைத்துணியாகவும் மாறியிருந்தன. அவருடைய அடுக்கை மறைத்துப் பார்த்தால் என் கொக்கு கீழே அப்படியே நின்றது. மற்றொரு முறை அவசரத்தில், அடுக்குகளைத் தனித்தனியே வைத்திருக்காத ஜேபெக் கோப்பாக அனுப்பிவிட்டேன்; அடுக்குகள் எல்லாம் ஒன்றாகி, யார் எதை வரைந்தார் என்ற தடமே போய்விட்டது. அடுக்கு என்ற சொல் பெயருக்குள் இருந்தே ஆக வேண்டும் என்று அன்றுதான் உறுதியாகத் தோன்றியது. 1994இல் வந்த ஃபோட்டோஷாப் 3.0 அடுக்குகளைக் கொண்டுவராமல் இருந்திருந்தால், இந்த ஆட்டம் இன்றைய வடிவில் உருவாகியிருக்காது.

அந்தாதி ஒரே புலவர் பாடுவது, இதுவோ இருவர் ஆடுவது என்று மறுப்பு எழலாம். ஒருவர் முதலிரண்டு அடிகளைத் தொடங்க மற்றவர் வெண்பாவை முடித்துவைத்த இரட்டைப் புலவர்களை அறிந்த நமக்கு அது பெரிய தடையன்று. அந்தமும் ஆதியும் வடசொற்களே என்பது உண்மைதான். எனினும் காரைக்கால் அம்மையார் காலம் முதல் தமிழில் வாழும் சொல்லை அயலாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுக்கே இல்லாத இசைக்கோப்பையோ உரைக்கோப்பையோ கைமாற்றி ஆடுவோருக்குக் 'கோப்பந்தாதி' பொருந்தும்.

ஒவ்வொருவரும் ஆடும் முறைக்கு 'அடி' என்றே சொல்லலாம். பந்தை அடிப்பதும் அடி, பாட்டின் வரியும் அடி. எண்ணிக்கையோடு சேரும்போது 'பத்து அடி' நீள அளவாகப் படக்கூடும் என்பதால் பன்மையில் 'பத்து அடிகள்' என்றும், வரிசையில் 'ஏழாம் அடி' என்றும் எழுதுவது நல்லது. "நேற்றைய அடுக்கந்தாதியில் ஏழாம் அடிதான் படத்தையே புரட்டிப் போட்டது" என்று எழுதி நண்பருக்கு அனுப்பினேன். எந்த அடி என்று விளக்கம் கேட்காமல், ஏழாவது கோப்பைத் திறந்து பார்த்து அவர் மறுமொழி எழுதினார்.

அன்புடன்.