நிலக்கரிச் சுரங்க வேலை: எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் சான்று இருந்தும் செல்லாது என்கிறார்கள், உதவி தேவை (அவசரம்)

கதிர்_இஇஇ
வணக்கம். டாக்குமெண்ட் வெரிஃபிகேஷனில் என் சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு "மைன்ஸ் இல்லை, செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்துத் தேர்வில் பாஸ். அனுபவமும் இருக்கிறது. பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இதை எங்கே போய் வாங்குவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

மின்னல்முத்து
எந்த சர்டிஃபிகேட்? வயர்மேனா, சூப்பர்வைசரா? எந்த மாநிலம் கொடுத்தது? என்ன பதவிக்கு விண்ணப்பித்தீர்கள்?

நெய்வேலிக்காரன்
திறந்தவெளிச் சுரங்கமா, அண்டர்கிரவுண்டா? அனுபவம் எங்கே? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது தம்பி.

பாபு_டிரெய்னிங்
இது விடி சர்டிஃபிகேட் பிரச்சினை. சுரங்கத்தில் கால் வைக்கவே தொழிற்பயிற்சிச் சான்று வேண்டும். அதை வாங்கிக் கொடுத்தால் போதும், முடிந்துவிடும். என் மச்சானுக்கும் அப்படித்தான் ஆனது.

ஃபோர்மேன்_தன்பாத்
அறிவிக்கையின் தகுதிப் பகுதியை ஒரு முறை நிதானமாகப் படித்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது. இங்கே பழைய இழைகளில் இதே கேள்விக்கு எத்தனையோ தடவை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்ப்பதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர் சுரங்கத்துக்குள் எப்படிப் பொறுமையாக வேலை செய்வார்?

கதிர்_இஇஇ
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டிப்ளமோ இஇஇ. சென்னை லைசென்சிங் போர்டு கொடுத்த சூப்பர்வைசர் தகுதிச் சான்று. பதவி அசிஸ்டென்ட் ஃபோர்மேன், எலக்ட்ரிக்கல். மத்தியப் பிரதேசம். அனுபவம் கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில், 22 கேவி வரை பார்த்திருக்கிறேன். திறந்தவெளியா அண்டர்கிரவுண்டா என்று அவர்கள் சொல்லவில்லை.

ராணிகஞ்ச்_ரவி
தம்பி, குறை உங்கள் அனுபவத்தில் இல்லை, சான்று எதுவரை செல்லும் என்பதில் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் (2010இல் வந்தது, 2023இல் புதிதாகப் போட்டார்கள்) சுரங்கத்துக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. சுரங்கத்தில் மின் மேற்பார்வையாளராக நியமிக்கப்படுகிறவரிடம் சுரங்கத்தையும் உள்ளடக்கிய தகுதிச் சான்று இருக்க வேண்டும். அதைக் கொடுப்பது மாநில அரசின் போர்டுதான், டிஜிஎம்எஸ் (மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம்) அல்ல. டிஜிஎம்எஸ் ஆய்வாளர் வந்தால் அந்தச் சான்றையும், மேனேஜர் எழுத்தில் கொடுத்த நியமன ஆணையையும் கேட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். ஜார்க்கண்ட், மேற்கு வங்க போர்டுகளில் சூப்பர்வைசர் தேர்வு பகுதி பகுதியாக நடக்கும். சுரங்கம் அதில் ஒரு தனிப் பகுதி. அந்தப் பகுதியில் தேறியிருந்தால்தான் நிலக்கரி நிறுவனங்கள் இந்தப் பதவிக்கு எடுப்பார்கள்.

பாபு சார் சொல்லும் விடி வேறு. அது 1966ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சி விதிகளின்படி, வேலைக்கு எடுத்த பிறகு சுரங்க நிர்வாகமே கொடுக்கும் பயிற்சி. அதனால் மின் சான்றின் குறை தீராது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றலாம். மில்லில் மோட்டார் டிரிப் ஆனால் ரீசெட் செய்துவிட்டு ஓட்டுவோம். நிலத்தடிச் சுரங்கத்தில் காற்றில் எரியும் வாயு 1.25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடத்துக்குப் போகும் கரண்டை உடனே வெட்ட வேண்டும், உற்பத்தி நின்றாலும் சரி. 1100 வோல்ட் வரையிலான சிஸ்டத்தில் எர்த் ஃபால்ட் கரண்ட் (பழுதால் தரைக்குப் பாயும் கரண்ட்) 750 மில்லிஆம்பியருக்குள் அடங்க வேண்டும். கேட் எண்ட் பாக்ஸை (சுரங்க இயந்திரங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி) திறந்து ஒரு காண்டாக்ட் மாற்றினீர்கள் என்று வையுங்கள். மூடிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எடுத்து, ஃபிளேஞ்சை, அதாவது மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு பக்கமாக விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே புகுந்த வாயு ஒரு பொறியில் வெடித்தால், அந்தத் தீ மெல்லிய இடைவெளி வழியாக வரும்போதே குளிர்ந்துவிட வேண்டும். ஃபிளேம்புரூஃப் என்பதே அதுதான். ஒரு போல்ட் இல்லை என்றாலும், யாரோ ஃபிளேஞ்ச் முகத்தில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்றாலும் அந்தப் பெட்டியை நம்ப முடியாது. மில் அனுபவத்தில் இது வராது. அதனால்தான் தனியாகத் தேர்வு வைக்கிறார்கள்.

உங்கள் பத்து நாளில் எந்தத் தேர்வும் எழுதி முடிக்க முடியாது. இன்றைக்கே கிண்டியில் இருக்கும் உங்கள் லைசென்சிங் போர்டு ஆபீசுக்குப் போய், உங்கள் சான்று சுரங்கத்துக்கும் பொருந்துமா, சேர்க்க வழி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அறிவிக்கையில் எந்தத் தேதிக்குள் தகுதி இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். விண்ணப்பக் கடைசி நாள் என்று போட்டிருந்தால், இனி வாங்கும் சான்று இந்த முறைக்கு உதவாது.

நெய்வேலிக்காரன்
ரவி சொல்வதெல்லாம் அண்டர்கிரவுண்டுக்கு. திறந்தவெளியில் வாயுப் பயம் ஏது? எங்கள் வேலை பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரும் (சக்கரத்தில் வாளிகள் கொண்ட பெரிய தோண்டும் இயந்திரம்) கன்வேயரும். எங்களுக்கும் அதே சான்று எதற்கு என்று நான் ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ராணிகஞ்ச்_ரவி
பழுப்பு நிலக்கரியும் நிலக்கரிச் சுரங்க விதிகளுக்குள்தான் வருகிறது அண்ணா. வாயு இல்லாவிட்டால் ட்ரெயிலிங் கேபிள் (நகரும் இயந்திரத்தோடு இழுபடும் மின் கேபிள்) இருக்கிறது. மழைச் சேற்றில் கிடக்கும், வண்டி ஏறும், உறை கிழியும். எர்த் பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்றால் அதைக் கையால் தூக்கி நகர்த்துகிறவர் கதி என்ன? தேர்வு அங்கேயும் வேண்டும்.

தேன்மொழி
தேர்வு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு முறை தேறினால் போதுமா? அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் எழுத்துத் தேர்வு வழியாகத் தகுதி பெற ஓராண்டு அனுபவமும் வேண்டும், ஐந்து தேர்வுகளிலும் தேற வேண்டும். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் மறுபயிற்சி முடிக்காவிட்டால் தகுதி நிற்காது. இங்கே விடி ரிஃப்ரெஷர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. இடையில் புது மாடல் சுவிட்ச்கியர் வந்து இறங்கிவிடுகிறது.

ஃபோர்மேன்_தன்பாத்
அமெரிக்கச் சட்டத்தை வைத்து இங்கே யாரும் சுரங்கம் நடத்தவில்லை. அனுபவம்தான் பெரிய பயிற்சி. எங்கள் காலத்தில் சீனியர் பக்கத்தில் நின்றே எல்லாம் கற்றுக்கொண்டோம்.

தேன்மொழி
சார், சீனியர் தவறாகக் கற்றிருந்தால் அதுவும் அப்படியே கைமாறும். பாக்ஸ் மூடும்போது நாலு போல்ட் போட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்த சீனியரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை வெளியாள் ஒருவர் உட்கார்த்திக் கேட்டால் அது பிடிபடும்.

நெய்வேலிக்காரன்
இதில் நான் தேன்மொழி பக்கம்.

பாபு_டிரெய்னிங்
எதற்கும் அந்த விடி சர்டிஃபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மின்னல்முத்து
கதிர், இருக்கிறீர்களா? கிண்டியில் என்ன சொன்னார்கள்?

கதிர்_இஇஇ
போய் வந்தேன். மனு கொடுத்திருக்கிறேன், பதில் எழுத்தில் வரும் என்றார்கள். அறிவிக்கையில் விண்ணப்பக் கடைசி நாள் என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் இந்த முறை இல்லை. அடுத்ததுக்குச் சுரங்கப் பகுதி எழுதப் போகிறேன். ரவி அண்ணா, ரொம்ப நன்றி.

மின்னல்முத்து
பதில் வந்ததும் இங்கே போடுங்கள். என்னிடம் இருப்பதும் அதே சான்றுதான்.