கல்குவாரித் தூசி: வேலை செய்தவங்க, வீட்டுக்காரர் எழுதுங்க

படுவான்கரைப் புள்ள:
எங்கட அப்பா குவாரியில ஜக்ஹாமர் பிடிச்சவர். இருமலும் இளைப்பும் வந்தபோது சயரோகம் எண்டு சொல்லி மருந்து குடுத்தாங்க. சளியில கிருமி பிடிபடவேயில்ல. மறுகா ஒரு டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில பிடிச்சுக்கொண்டு, "ஐயா என்ன தொழில் பாத்தீங்க?" எண்டு கேட்டார். அதுவரைக்கும் அதை ஒருத்தரும் கேக்கல்ல. சிலிக்கோசிஸாம், கல்லுத் தூசி நுரையீரலில படிஞ்சு வாற வருத்தம். நுரையீரல்ர மேல்பக்கம் பொட்டுப் பொட்டா இருக்கு. மாத்த மருந்தில்ல, தூசிய விட்டாலும் சில பேருக்குக் கூடிக்கொண்டே போகுமாம். உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க.

தாதி, மட்டக்களப்பு:
தங்கச்சி, இப்ப கிருமி இல்லையெண்டு விட்டிராதீங்க. சிலிக்கா, அதான் கல்லுத் தூசியில இருக்கிற சாமான், படிஞ்ச நுரையீரலில சயரோகம் லேசாப் பிடிக்கும், வேலைய விட்டுக் கனகாலம் போனாலும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல்ல தொழிலச் சொல்லுங்க.

கருங்கல்லில குவார்ட்ஸ் இருக்கு, அது சிலிக்காதான். அதை உடைக்கேக்க உடுப்பில வெள்ளையாப் படியிற தூள விட, கண்ணுக்குத் தெரியாத தூள்தான் பொல்லாதது. அது நுரையீரல்ர அடி வரைக்கும் போகும். பெரும்பாலும் பத்து வருசத்துக்கு மேல போய்த்தான் வருத்தம் தெரியும். தூசி கண்டபடி இருந்தா மாசக்கணக்கே போதும். 1930-31இல அமெரிக்காவில மேற்கு வேர்ஜினியா ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில தண்ணி விடாமத் துளைச்சு நூத்துக்கணக்கான ஆக்கள் செத்தாங்க. அதே 1930இல ஜொகனஸ்பேர்க்கில சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இந்த நோய்க்கெண்டே மாநாடு வைச்சது. ஆக, புது விசயமில்ல.

சம்மாந்துறை மச்சான்:
நான் கல்லு நொறுக்கிற கிரசர் மிஷினில நிண்டவன். மாஸ்க் தந்தாங்கதான், துணி மாஸ்க். அது இந்தத் தூளுக்கு வேலி இல்லாத வளவு மாதிரி. பிறகு நுண்தூள வடிக்கிற என்95 மாஸ்க் வந்திச்சு. எனக்குத் தாடி. முகத்தோட ஒட்டாம ஓரத்தால காத்துப் போகுது, வேர்வையில மூச்சும் முட்டுது. பத்து மணிக்குப் பாத்தா எல்லார்ட மாஸ்க்கும் கழுத்திலதான். பொடியன்மாரக் குறை சொல்லேலாது. வெயில் அப்படி.

இன்னொண்டு. வேல முடிஞ்சு கம்ப்ரசர் காத்தால உடுப்பத் தட்டுவம். அதுதான் மோசமாம், படிஞ்ச தூள் திரும்ப மூக்குக்குத்தான் வருது. அப்படியே வீட்டுக்குப் போய்ப் புள்ளைகளத் தூக்கிறதும் சரியில்ல. அங்கேயே கழுவி மாத்திட்டுப் போங்க.

டிப்பர்காரன்:
எல்லாம் சரி. தூசிய அடக்கக் கல்லுக்குத் தண்ணி தெளிச்சா ஈரத்தூள் சல்லடைய அடைக்கும், சிப்ஸும் (உடைச்ச சின்னக் கல்லு) வராது. கச்சான் காத்தடிக்கிற நாளில கிணறே வத்திக்கிடக்கு, பவுசருக்கு ஆர் காசு குடுக்கிற? முதலாளிமாரக் கேட்டா இதத்தான் சொல்லுவாங்க.

சம்மாந்துறை மச்சான்:
நானா, ஹோஸப் பிடிச்சு ஊத்தினா அடைக்கும்தான். நாங்க கல்லு விழுகிற வாயிலயும், பெல்ட்டிலிருந்து சிப்ஸ் கொட்டுற இடத்திலயும் மட்டும் பனி போல அடிக்கிற நோசில் போட்டம். தண்ணி கொஞ்சம்தான் போகும். அதுக்குப் பிறகு சல்லடைக்காக மிஷின நிப்பாட்டினது குறைவு. ஜக்ஹாமருக்கும் துளையிலேயே தண்ணி விடுற குழாய் இருக்கு. முதலாளி இதுக்கு ஒத்துக்கொண்டது சல்லடைக் கணக்கப் பாத்துத்தான், எங்கட நெஞ்சப் பாத்தில்ல. பரவாயில்ல, ஒத்துக்கொண்டாரே.

தாதி, மட்டக்களப்பு:
அமெரிக்காவில 2016இல வேலைத்தளங்களுக்கு வைச்ச வரம்பு, எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு கன மீற்றர் காத்தில சராசரி 50 மைக்ரோகிராம் சிலிக்கா. உள்ளங்கைக்குள்ள பிடிச்சாலும் தெரியாத அளவு. அதால கண்ணால பாத்து "இண்டைக்குத் தூசி குறைவு" எண்டு சொல்லிறத நம்பாதீங்க. தண்ணியோட, காத்து வாற பக்கம் நிண்டு வேலை செய்யிறதும் உதவும்.

படுவான்கரைப் புள்ள:
மிஸ், நன்றி. தம்பியும் அதே குவாரியிலதான் நிக்கிறான். மச்சான், அந்த நோசில் எங்க வாங்கினீங்க, சாதாரணப் பம்புக்கு ஓடுமா?

சம்மாந்துறை மச்சான்:
பூச்சிமருந்து அடிக்கிற மிஷின் சாமான் விக்கிற கடையில கேட்டுப் பாருங்க. பம்புக்கு முன்னால வடி போடாட்டி ஆத்துத் தண்ணி மண் நோசில அடைச்சிரும்.