திண்ணைப் பேச்சுக்கு ஆள் சேர்க்கிறோம், வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் மகளிர் குழுவுல இருந்து எழுதுறேன்.

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்குக் கதவைச் சாத்தின எதிர்வீட்டுப் பையன் மூணு நாளா வெளிய வரல. தினமும் சாயங்காலம் மட்டையோட தெருவுல நிக்கிறவன். நாலாம் நாள், முறுக்குப் பிழிய ஆள் வேணும்னு எங்க அப்பத்தா கூப்பிட்டாங்க, வந்துட்டான். பிழிஞ்சுக்கிட்டே, தாத்தா போனதுல இருந்து ராத்திரி தூக்கமே இல்லடான்னு அப்பத்தா அவன்கிட்ட சொல்லியிருக்காங்க. எங்க யார்கிட்டயும் சொன்னதில்ல!

இப்படிப் பாட்டிமாரோட உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுறதை ஜிம்பாப்வேயில 2006லயே முறையா ஆரம்பிச்சிருக்காங்க. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளிய மரபெஞ்சுல உட்கார வெச்சார். முதல்ல காது கொடுத்துக் கேக்கணும். அப்புறம் பிரச்சினைகள்ல ஒண்ணை மட்டும் எடுத்து, என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிக்கணும். மனச்சோர்வு குறைஞ்சதா 2016ல ஆய்வும் வந்துச்சு.

நம்ம ஊர்லயும் நூலகத்து வேப்பமரத்தடியில வாரம் ஒருநாள் இப்படி உட்காரலாம்னு இருக்கோம். (திண்ணையைத்தான் இடிச்சு பைக் நிறுத்துறோமே.)

மாவட்ட மனநலத் திட்டத்துல வேலை பார்க்கிறவங்க இங்க இருக்கீங்களா? ஆறு பாட்டிமாருக்குப் பயிற்சி கேக்க யாரைப் பார்க்கணும்? பெரிய பயமே, சொன்ன விஷயம் குழாயடி வரைக்கும் போயிடுமோன்னுதான். அதைச் சமாளிச்சவங்க சொல்லுங்க. கைக்குழந்தைக்காரங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்? பாட்டிமாரால சமாளிக்க முடியாத அளவுக்குப் போனா கூப்பிட, அரசோட மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ மரத்துல மாட்டப் போறோம். கூப்பிட்டுப் பேசின அனுபவம் இருந்தா அதையும் எழுதுங்க.