கலாந்த்ரிக்குத் தமிழில் என்ன சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சமூகம் பற்றிய பாடக்குறிப்பு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். எல்லாம் முடிந்தது, ‘கலாந்த்ரி’ என்ற பிரெஞ்சுச் சொல்லில் வந்து நின்றுவிட்டேன். பாரிஸில் ராம்புயே சீமாட்டி விருந்தினரைக் கூட்டிய ராம்புயே மாளிகையின் நீல அறை போன்ற இடங்களில் ஆண்கள் பெண்களிடம் பேசிப் பழகிய மெருகான முறைக்கு அந்தப் பெயர். கள்ள உறவுக்கும் அதே பெயர். ‘கலான்’ என்ற அடை ‘ஆள்’ என்பதற்கு முன்னால் வந்தால் கண்ணியவான், பின்னால் வந்தால் பெண்கள் பின்னால் சுற்றுகிறவன். பெண்ணுக்கு அந்த அடையைப் போட்டால் பெரும்பாலும் நடத்தை கெட்டவள் என்றுதான் பொருள். இப்போதைக்கு ‘சிருங்கார நாகரிகம்’ என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

* * *

> சிருங்கார நாகரிகம்

தம்பி, இரண்டுமே வேண்டாம். முன்னது வடசொல், பின்னது நகரத்திலிருந்து வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம் ‘கல’ என்னும் வேர் காதில் விழவில்லையா? கலத்தல், கலப்பு, கலவி. கலந்து பேசுவதும் அதுதான், கலந்து கிடப்பதும் அதுதான். நீங்கள் கேட்ட இரண்டு பொருளும் ஒரே வேரில் இருக்கின்றன. ‘கலவியம்’ என்பது என் முன்மொழிவு.

* * *

ஐயா, மன்னிக்கணும். ‘கலே’ என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது, களித்துத் திரிதல் என்று பொருள். கலவியம் என்று அச்சில் வந்தால் எந்த ஆசிரியரும் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டார்.

தம்பி, சிருங்காரம் ஏன் ஒட்டவில்லை என்று சொல்கிறேன். மதலேன் த ஸ்குதெரியின் ‘கிளெலி’ நாவலில் (முதல் பாகம் 1654) மனசுக்கே ஒரு நிலப்படம் வருகிறது. ‘புதிய நட்பு’ என்ற ஊரிலிருந்து கிளம்பினால் ‘பேரறிவு’, ‘அழகிய செய்யுள்’, அப்புறம் ‘கலான் கடிதம்’, அதைத் தாண்டித்தான் ‘காதல் கடிதம்’ என்ற ஊர். காதலுக்கு ஓர் ஊர் முன்னாலேயே கலான் நிற்கிறது! பிரெஞ்சு இலக்கண அறிஞர் வோழ்லா 1647இல் இந்தச் சொல்லைப் பற்றி எழுதும்போது அரசவைச் சாயல், அறிவு, நிதானம், மரியாதை, கலகலப்பு எல்லாம் சேர்ந்தது, ஆனால் வலிந்து செய்ததாக இருக்கக் கூடாது, தீமையும் கூடாது என்கிறார். எனக்கு இது ‘நயம்’ என்றே படுகிறது. ‘நயத்தக்க நாகரிகம்’ குறளில் இருக்கிறது. ‘நயந்தவர்க்கு நல்காமை நேர்ந்தேன்’ என்ற குறளில் நயந்தவர் என்றால் காதலர். கெட்ட பக்கத்துக்கும் தேடிப்போக வேண்டாம், நயவஞ்சகம் கூடவே இருக்கிறது. ‘நயப்பு’ என்று வைக்கலாமே?

* * *

> களித்துத் திரிதல்

களித்தலா! அப்படியானால் களி என்ற வேரைப் பார்க்கணும். கள், களி, களிறு என்று பெரிய குடும்பம். இதைத் தனியாக எழுதுகிறேன்.

நயப்பு மட்டும் கூடாது, அது ஏற்கெனவே ஆள் இருக்கிற வீடு. அகப்பொருள் கோவை நூல்களில் காட்சி, ஐயம், தெளிவு, நயப்பு என்று துறைகள் வரிசையாக வரும். அங்கே நயப்பு தலைவனின் நெஞ்சுக்குள் நடப்பது. நீங்கள் சொல்வதோ நாலு பேர் கூடிய அறையில் நடப்பது.

* * *

நான் வகுப்பில் நிற்கிறவன். நயம் என்றால் பிள்ளைகளுக்குப் பாட்டின் நயம் பாராட்டுவது, வீட்டில் நயம் நல்லெண்ணெய். கலாந்த்ரி என்றே எழுதி ஒரு வரி விளக்கம் போடுங்கள், போதும்.

இன்னொன்றும் கேட்கணும். இவ்வளவு நயமாகப் பேசிய கூட்டம்தானே மானம் என்று சொல்லிக் கத்தியையும் உருவியது? 1626இல் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்குக் கடுமையான தடை வந்தது. மறு வருஷமே பூத்வீல் பிரபு பாரிஸின் அரச சதுக்கத்தில் பட்டப்பகலில் போய்ச் சண்டை போட்டார், தலை போயிற்று. அந்த ஆளையும் இந்தச் சொல் தாங்குமா?

* * *

தாங்க வேண்டாம் அண்ணா. சண்டைக்கு ‘மானம்’ என்று தனி அத்தியாயமே இருக்கிறது. இங்கே எனக்கு வேண்டியது பேச்சும் பழக்கமும். 1556 அரசாணைப்படி 30 வயதுக்குள் மகனும் 25 வயதுக்குள் மகளும் பெற்றோர் சம்மதமில்லாமல் மணந்தால் சொத்தே போய்விடலாம். கல்யாணம் சொத்துக் கணக்கான பிறகு, மனசைப் பேச ஒரு மொழி தேவைப்பட்டது என்றுதான் குறிப்பில் எழுதியிருக்கிறேன். ‘கிளேவ் இளவரசி’ நாவல் 1678இல் வந்தபோது, அதில் மனைவி இன்னொருவர் மேல் உள்ள ஆசையைக் கணவனிடமே சொன்னது சரியா என்று ‘மெர்க்யூர் கலான்’ பத்திரிகை வாசகர்களையே கேட்டது. பத்திரிகை பேரிலேயே கலான் இருக்கும்போது சொல்லை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை.

அக்காவின் நயத்தையும் ஐயாவின் எச்சரிக்கையையும் சேர்த்து ‘நயப்பாங்கு’ என்று வைக்கிறேன். முன்னால் வரும் கலானுக்கு நயவான், பின்னால் வருவதற்கு நயக்காரன்.

* * *

-வான் வடமொழி ஈறு. ‘நயவோன்’ என்று எழுதுங்கள். -காரன் இழிவு என்று யார் சொன்னது? கணவரையே வீட்டுக்காரர் என்கிறோம்.

* * *

நயப்பாங்கு எனக்குச் சம்மதம். வியாழன் ராத்திரி ஆகிவிட்டது, போதும் ஐயா.

* * *

நானும் சரி என்கிறேன், ஆனால் அடைப்புக்குறிக்குள் கலாந்த்ரி இருக்கட்டும்.

* * *

நன்றி. நயப்பாங்கு, நயவான், நயக்காரன் என்று அனுப்பிவிட்டேன். பெண்ணுக்கு நயக்காரி மட்டும்.

* * *

> நயக்காரி மட்டும்

இதை நான் ஒப்பவில்லை. பெருமாட்டி, திருவாட்டி போல ‘நயவாட்டி’ என்று இலக்கணம் இடம் தருகிறது. ராம்புயே சீமாட்டியை வேறு என்னவென்று சொல்வீர்கள்?

* * *

ஐயா, பிரெஞ்சில் அவளுக்கு அந்த இடம் இல்லை. நாம் ஒரு சொல்லைப் போட்டு நிரப்பினால் அன்றைக்கு இருந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். காலியாகவே இருக்கட்டும்.

* * *

இடம் இல்லாதது அவர்கள் குறை அம்மா. தமிழில் சொல் இருக்கிறது. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.